இடி விழுந்தும் விமானம் விழாதது ஏன்? கொல்லர் மகன் ஃபாரடேயின் கதை

பினாங்கில் பருவக்காற்று மாறும் மாதங்களில், ஏப்ரல் மே ஆனாலும் சரி, தீபாவளியை ஒட்டிய அக்டோபர் நவம்பர் ஆனாலும் சரி, மாலையில் வானம் கறுத்துவிட்டால் இடிக்குப் பஞ்சமிருக்காது. அந்த நேரத்தில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் காத்திருப்பவர்களுக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடப்பது நன்றாகத் தெரியும். பயணப்பெட்டி ஏற்றும் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். விமானம் மட்டும் வெட்டவெளியில் நனைந்துகொண்டு நிற்கும். பிள்ளையைப் பார்க்க ஜொகூருக்குப் போகும் தாய்க்கும், முதல் முறையாகச் சென்னைக்குப் போகும் முதியவருக்கும் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான். மேலே போன பிறகு இடி விழுந்தால் என்ன ஆகும்?

விழத்தான் செய்யும். பயணிகள் விமானம் ஒவ்வொன்றையும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறையாவது மின்னல் தாக்குகிறது என்பது விமானத் துறையின் கணக்கு. உள்ளே இருப்பவர்கள் ஒரு பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், பெரிய சத்தம் ஒன்றைக் கேட்பார்கள். பெரும்பாலும் அவ்வளவோடு சரி. விமானம் வழக்கம்போல் தரையிறங்கும், பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதற்கான காரணத்தைச் செய்து காட்டியவர் விமானத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் மின்மோட்டார், டைனமோ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஒற்றை வரியில் வந்துபோகும் பெயர் அது. அவருடைய வாழ்க்கையோ அந்த வரியைவிட நம் தோட்டப்புறக் கதைகளுக்கு மிக நெருக்கமானது. ரப்பர் பாலுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வருவோம்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனின் தெற்கு ஓரமாக இருந்த நியூயிங்டனில் பிறந்தார். பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடி ஏற்றி அப்போது ஐந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. தந்தை ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்த குடும்பம். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாமவர். தந்தைக்கு உடல்நலம் சரியில்லாததால் உலைக்களத்துக்குப் போகாத நாட்கள் அதிகம். 1801-இல் தானிய விலை ஏறியபோது, ஒன்பது வயதுப் பையன் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்து வாரம் முழுவதும் அதை வைத்துச் சமாளிக்கச் சொன்னதாகக் குடும்ப வரலாறு சொல்கிறது. வயிற்றுப்பாடு அப்படி என்றால் படிப்பு எப்படி இருந்திருக்கும்? எழுதப் படிக்கத் தெரிந்தது, கூட்டல் கழித்தல் தெரிந்தது. அதற்கு மேல் பள்ளிக்கூடம் அவருக்கு எதையும் தரவில்லை. உயர் கணிதம் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை.

பதின்மூன்றாவது வயதில் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் இருந்த ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரர் ஜார்ஜ் ரீபோ. அந்தக் காலத்தில் எல்லாராலும் நாளிதழ் வாங்க முடியாது. கடையிலிருந்து வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் பையன் போய் வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். லயத்துக்கு லயம் ஒரே தமிழ் நாளிதழ் கைமாறிய காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பையன் நாணயமானவன் என்று கண்ட ரீபோ, ஓராண்டுக்குப் பிறகு பயிற்சிப் பணம் எதுவும் வாங்காமல் புத்தகம் கட்டும் தொழிலுக்கு அவரைப் பழகுநராகச் சேர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டு ஒப்பந்தம்.

ஃபாரடேயின் கல்லூரி அந்தப் பட்டறைதான். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைத் தைப்பதோடு நிறுத்தாமல் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்று தையலுக்கு வந்தபோது, அதிலிருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி வேதியியலை உரையாடலாக எழுதிய நூலும் கைக்கு வந்தது. படித்தது உண்மையா என்று பார்க்க, பழைய குப்பிகளையும் சில்லறைப் பொருள்களையும் வாங்கி, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் சிறு இயந்திரம் ஒன்றைத் தாமே செய்தார். ஒரு செய்தியைப் படித்தால் அதைக் கையால் செய்து பார்க்காமல் நம்புவதில்லை என்ற பழக்கம் அங்கே தொடங்கி அவர் சாகும்வரை தொடர்ந்தது. மாலை நேர அறிவியல் வகுப்புக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தவர் கொல்லுலையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட். தம்பி படிக்க அண்ணன் உழைத்த கதை நம்மிடையே எத்தனையோ வீடுகளில் உண்டு.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். அன்றைய பிரிட்டனில் டேவிக்கு இணையான அறிவியல் புகழ் யாருக்கும் இல்லை. மேல்மாடத்தில் உட்கார்ந்து ஃபாரடே சொல்லுக்குச் சொல் குறிப்பெடுத்தார். வீட்டில் அதை அழகாகப் படி எடுத்து, படங்கள் வரைந்து சேர்த்து, சுமார் 300 பக்கப் புத்தகமாகத் தம் கையாலேயே கட்டி, அந்த ஆண்டு இறுதியில் டேவிக்கே அனுப்பினார். தொழில் அவருக்குக் கொடுத்திருந்த ஒரே கருவி அது. அதையே சாவியாக்கிக் கதவைத் திறந்தார்.

கதவு உடனே திறக்கவில்லை. புத்தகம் கட்டும் வேலையை விட்டுவிட வேண்டாம் என்பதுதான் டேவி முதலில் சொன்ன அறிவுரை. பிறகு ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். அந்த இடத்துக்கு 1813 மார்ச் 1-ஆம் நாள் ஃபாரடே வந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். கட்டடத்தின் உச்சியில் இரண்டு அறை, கரி, மெழுகுவர்த்தி. வேலை என்னவோ குப்பி கழுவுவதும் சொற்பொழிவுக்கு மேசை தயார் செய்வதும்தான்.

அதே ஆண்டு டேவி தம்பதியர் ஐரோப்பாவுக்குச் சென்றபோது அவரையும் அழைத்துச் சென்றார்கள். டேவியின் வேலையாள் கடைசி நேரத்தில் வர மறுத்ததால் அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். ஒன்றரை ஆண்டுப் பயணத்தில் அவமானம் நிறைய, ஆதாயமும் நிறைய. பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் நேரில் பார்த்தார். இன்று மின்சாரத்தை அளக்க நாம் சொல்லும் ஆம்பியரும் வோல்ட்டும் இந்த இருவரின் பெயர்கள்.

டேவிக்கும் ஃபாரடேக்கும் இடையிலான உறவு நேர்கோட்டில் போனதல்ல. 1821-இல் மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை ஃபாரடே செய்து காட்டினார். மின்மோட்டாரின் விதை அது. வில்லியம் வொல்லாஸ்டனின் எண்ணத்தை எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். ஆனாலும் 1824 ஜனவரியில் ஒரே ஓர் எதிர்வாக்குடன் ஃபாரடே தேர்வானார். வளர்த்துவிட்டவரே வழிமறித்தது அவரைப் பாதித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் டேவியைப் பற்றி அவர் பொதுவில் மரியாதைக் குறைவாகப் பேசியதாகப் பதிவில்லை.

இனி ரப்பருக்கு வருவோம். 1824-இல் ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்துவைக்க ஃபாரடேக்குப் பை தேவைப்பட்டது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களை அழுத்தி ஒட்டி, உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவி, வாயுவை ஊதினார். உலகின் முதல் ரப்பர் பலூன் அது என்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1826-இல் ரப்பர் பாலை ஆராய்ந்து, ரப்பர் என்பது 5 பங்கு கார்பனும் 8 பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள் என்று கணக்குக் கொடுத்தார். நம் முன்னோர் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய அதே பால். ஆனால் அவர் ஆராய்ந்த காலத்தில் மலாயாவில் ஒரு ரப்பர் மரமும் இல்லை. சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் அந்தக் கன்றுகள் வந்தது 1877-இல்தான். லட்சக்கணக்கான தமிழரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த ஒரு பொருளின் கூட்டு என்ன என்பதை ஒரு கொல்லர் மகன் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்.

அவருக்குப் பெரும்புகழ் தந்த நாள் 1831 ஆகஸ்ட் 29. இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கம் மின்சாரத்தை விட்டு நிறுத்தியபோது, தொடர்பே இல்லாத மறுபக்கக் கம்பியில் முள் துள்ளியது. மின்னோட்டம் மாறினால் காந்தப்புலம் மாறும். காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதுவே மின்காந்தத் தூண்டல். பிறை மின்நிலையத்திலிருந்து அணைக்கட்டு மின்நிலையம் வரை எல்லாம் சுழல்வது இந்த ஒரு விதியின் மேல்தான். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விமானத்தைப் பேசும்போது மறுபடியும் வரும். 1833-இல் வெள்ளி சல்ஃபைடு என்ற பொருள் சூடேற ஏற மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதையும் குறித்துவைத்தார். குறைகடத்திப் பண்பு பற்றிய முதல் பதிவு அது. பாயான் லெப்பாஸில் 1972 முதல் எழுந்த தொழிற்சாலைகள் தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தன. அந்தத் தொழிலின் வேரும் இந்த மனிதரின் குறிப்பேட்டில் இருக்கிறது.

கூண்டின் கதை 1836 ஜனவரியில் நடந்தது. ஃபாரடே 12 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரத்தில் மரச்சட்டத்தால் ஓர் அறையே கட்டினார். அதைச் சுற்றிச் செம்புக் கம்பிகளை ஓட்டினார். காகிதம் போர்த்தி, அதன் மேல் வெள்ளீயத் தகடுகளை ஒட்டினார். தரையோடு தொடர்பில்லாமல் கண்ணாடிக் கால்களின் மேல் நிறுத்தினார். சொற்பொழிவு மண்டபத்தையே அடைத்துக்கொண்டு அது நின்றது. பிறகு பெரிய மின் இயந்திரத்தைக் கொண்டு அதற்கு மின்னூட்டம் ஏற்றச் சொல்லிவிட்டு, தாமே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வெளிச்சுவரில் எங்கு பார்த்தாலும் தீப்பொறி பறந்தது. உள்ளே எரியும் மெழுகுவர்த்தியையும் நுட்பமான மின் அளவிகளையும் வைத்துக்கொண்டு சுவர் ஓரம், மூலை, நடு என்று தேடினார். எங்கும் ஒரு துளி மின்சாரமும் இல்லை.

தம்மையே உள்ளே வைத்துச் சோதித்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவருக்கு உதவியவர் சார்ஜண்ட் ஆண்டர்சன் என்ற முன்னாள் பீரங்கிப் படை வீரர். ஒருநாள் மாலை வீட்டுக்குப் போகலாம் என்று ஃபாரடே சொல்ல மறந்துபோக, மறுநாள் காலைவரை ஆண்டர்சன் உலைக்குத் தீ மூட்டிக்கொண்டே இருந்தாராம். நாற்பது ஆண்டுக்கு அருகில் கூட இருந்த இந்த மனிதரின் பெயர் பாடப்புத்தகத்தில் வருவதில்லை.

உலோகக் கலத்துக்குள் மின்னூட்டம் தங்குவதில்லை என்பதை ஃபாரடேக்கு முன்பே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750-களில் பார்த்திருக்கிறார். ஆனால் காரணத்தைத் தெளிவாக்கி, ஓர் ஆள் உள்ளே வாழ முடியும் என்று காட்டியவர் ஃபாரடே. எனவே அதற்கு ஃபாரடே கூண்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. விமானத்தின் அலுமினிய உடலும் அப்படிப்பட்ட ஒரு கூண்டுதான். காரும் அப்படியே. காரைக் காப்பாற்றுவது அதன் ரப்பர் டயர் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பல கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் பொருட்டே அல்ல. காப்பது உலோக உடல். நாலு கம்பத்தின் மேல் துத்தநாகக் கூரை போட்ட திறந்த குடிசைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இடி இடிக்கும்போது திடலிலோ காட்டிலோ அதற்குள் ஒதுங்கி நிற்பதை நம்பிவிடக் கூடாது. அர்ச்சுனன் பெயரைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப்போன பாட்டிமார் செய்த காரியம் சரியானதுதான்.

வானத்தில் நடப்பது என்ன? மின்னல் பெரும்பாலும் விமானத்தின் மூக்கிலோ இறக்கை நுனியிலோ ஒட்டுகிறது. மின்னோட்டம் அலுமினியத் தோலின் மேலாகவே ஓடி, வால் நுனி அல்லது வேறொரு முனை வழியாக வெளியேறுகிறது. உள்ளே இருப்பவர்களைத் தொடுவதில்லை. சாதாரண மின்னலில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும். விமானங்களை 2,00,000 ஆம்பியர் வரை தாங்கும்படி சோதிக்கிறார்கள். இதில் இன்னொரு வியப்பு உண்டு. பெரும்பாலான நேரம் மின்னல் தற்செயலாக வந்து விமானத்தை மோதுவதில்லை. மின்னூட்டம் நிறைந்த மேகத்துக்குள் நுழையும் விமானமே அதைத் தூண்டிவிடுகிறது. அமெரிக்காவின் நாசா 1980-களில் எஃப்-106 ரகப் போர் விமானம் ஒன்றை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டியது. 700 முறைக்கு மேல் அதை மின்னல் தாக்கியது, விமானமும் விமானிகளும் பத்திரமாகத் திரும்பினார்கள். அந்த ஆராய்ச்சி இதை உறுதிசெய்தது.

விழுந்த மின்னல் சும்மா போவதில்லை. அதன் பாதையில் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும், அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். தாக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு என்பதால் விமானம் தப்புகிறது, ஆனால் வடு விழுகிறது. மின்னல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்திலும் விமானம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பதால், மூக்கிலிருந்து பின்னோக்கி வரிசையாகப் பொட்டுப் பொட்டாகக் கருகல் தெரியும். ரிவெட் தலைகள் உருகியிருக்கும். இறக்கை நுனி, வால் ஓரம், விளக்கு, ஆண்டெனா ஆகியவை கருகியிருக்கலாம். மூக்கிலுள்ள ரேடார் கூடு உலோகத்தால் செய்யப்பட்டதல்ல, ரேடார் அலை அதன் வழியே போக வேண்டும். அதனால் அதில் ஓட்டை விழுவதுண்டு. எஃகுப் பாகங்கள் காந்தமாகிவிட்டால் திசைகாட்டி தவறாகக் காட்டும். அதனால்தான் மின்னல் பட்ட விமானத்தை உடனே அடுத்த பயணத்துக்கு அனுப்புவதில்லை. பொறியாளர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்து, எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று இரண்டு இடத்தையும் கண்டுபிடித்த பிறகே விடுவார்கள். பயணிகள் காத்திருந்து பொறுமை இழக்கும் அந்த மணிநேரங்களில் சில இப்படிப் போகின்றன.

கூண்டுக்கும் குறை உண்டு. இங்கேதான் 1831-இன் விதி திரும்பி வருகிறது. மின்னல் தோலின் மேல் ஓடும்போது காந்தப்புலம் கண நேரத்தில் ஏறி இறங்குகிறது. ஜன்னல், இணைப்பு, இடைவெளி வழியாக அது உள்ளே கசிந்து, உள்ளே ஓடும் கம்பிகளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. கணினியை நம்பிப் பறக்கும் இன்றைய விமானத்துக்கு இது பெரிய கவலை. ஃபாரடேயின் ஒரு கண்டுபிடிப்பு விமானத்தைக் காக்கிறது, மற்றொன்று அதே விமானத்துக்கு வரும் ஆபத்தை விளக்குகிறது. அதற்காகவே கம்பிகளுக்குத் தனித்தனியாக உலோக உறை போடுகிறார்கள். போயிங் 787 போன்ற புது விமானங்களின் உடல் கார்பன் இழையால் ஆனது. அது அலுமினியம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மேற்பூச்சுக்கு அடியில் மெல்லிய உலோக வலையைப் பதித்து, கூண்டைத் திரும்பக் கட்டவேண்டியிருக்கிறது.

உயிர்ப்பலி கொடுத்துக் கற்ற பாடங்களும் இருக்கின்றன. 1963 டிசம்பர் 8-ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் என்ற ஊருக்கு மேல், புயல் தணியக் காத்து வட்டமிட்டுக்கொண்டிருந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தை மின்னல் தாக்கியது. இடது இறக்கையின் எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பற்றி வெடித்தது. விமானத்தில் இருந்த 81 பேரும் இறந்தார்கள். 1971 டிசம்பர் 24-ஆம் நாள் பெரு நாட்டின் காட்டுக்கு மேல் லான்சா நிறுவன விமானம் ஒன்று மின்னல் பட்டுச் சிதறியதில் 91 பேர் மாண்டார்கள். இருக்கையோடு காட்டில் விழுந்த 17 வயதுப் பெண் ஒருவர் மட்டும் பிழைத்து, பல நாள் நடந்து வெளியே வந்தார். எரிபொருள் தொட்டியின் தோல் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், மூடியில் பொறி எழாமல் எப்படிச் செய்ய வேண்டும் என்ற கடுமையான விதிகள் இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு வந்தவை. இன்று மின்னலால் பயணிகள் விமானம் வீழ்வது மிக அரிது.

1839-க்குப் பிறகு ஃபாரடேயின் உடல் தளர்ந்தது. தலைசுற்றல், நினைவு தவறுதல். ஆய்வுக்கூடத்துப் பாதரச ஆவி காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. சில ஆண்டுகள் ஆராய்ச்சியை ஏறக்குறைய நிறுத்தியே வைத்திருந்தார். மனைவி சாரா அவரைத் தாங்கிக்கொண்டார், அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த நிலையிலும் 1844-இல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 தொழிலாளர்கள் இறந்தபோது, அரசு அனுப்பிய விசாரணையில் அவரும் சென்றார். வாயு மட்டுமல்ல, காற்றில் பறக்கும் கரித்தூளும் சேர்ந்துதான் வெடிப்பைப் பெரிதாக்கியது என்று அறிக்கை எழுதினார்கள். சுரங்க முதலாளிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலங்கரை விளக்குகளைக் கவனிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்புக்கு 1836 முதல் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்து, கடற்கரை கடற்கரையாக அலைந்தார்.

பணம் சேர்க்க அவருக்கு வழி இருந்தது, சேர்க்கவில்லை. சர் பட்டத்தை மறுத்தார், ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். கிரைமியப் போரில் நச்சுவாயு செய்ய முடியுமா என்று அரசு கேட்டபோது, முடியும், ஆனால் தாம் அதில் கைவைக்க முடியாது என்ற பொருளில் பதில் அளித்தார். அவர் சார்ந்திருந்த சாண்டிமானியர் என்ற சிறு கிறிஸ்துவப் பிரிவு சொத்துச் சேர்ப்பதை விரும்பாதது, அந்தப் பிடிப்பு அவரிடம் கடைசிவரை இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்வதை மட்டும் அவர் விடவில்லை. ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே வேதியியல் முழுவதையும் விளக்கிய அவருடைய சொற்பொழிவுகள் இன்றும் நூலாக விற்பனையாகின்றன. கணிதம் தெரியாத அவர் கோடு கோடாக வரைந்து காட்டிய புலக் கருத்தை, ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பின்னர் சமன்பாடுகளாக எழுதினார்.

1858-இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருக்கு வீடு ஒதுக்கினார். நினைவு மெல்ல மெல்ல மங்கியது. 1867 ஆகஸ்ட் 25-ஆம் நாள், 75-ஆவது வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. மன்னர்களும் நியூட்டனும் புதைக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் தம்மை அடக்கம் செய்ய வேண்டாம் என்று முன்பே மறுத்திருந்தார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

பினாங்கைத் தொட்ட அவருடைய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மலாயாக் காடுகளில் தாபான் என்ற மரம் உண்டு. அதன் பாலை உறையவைத்தால் கெத்தா பெர்ச்சா கிடைக்கும். மலாய்க்காரர்கள் பாராங் பிடிக்குப் பயன்படுத்திவந்த அந்தப் பொருளைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமரி 1843-இல் லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைக் கசியவிடாமல் காக்கும் சிறந்த பொருள் என்று 1848-இல் எழுதி அறிவியல் உலகின் கவனத்தைத் திருப்பியவர்களில் ஃபாரடே முக்கியமானவர். தண்ணீருக்கடியில் தந்திக் கம்பி போட அதுவரை தடையாக இருந்தது உறைதான். உறை கிடைத்துவிட்டது. அதற்காகத் தாபான் மரங்கள் கூட்டம் கூட்டமாக வெட்டிச் சாய்க்கப்பட்டு, காட்டில் அந்த மரமே அரிதாகிப்போனது தனிக் கதை.

அவர் இறந்து நான்கு ஆண்டு ஆவதற்குள், 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் போடப்பட்ட தந்திக் கம்பி பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் வரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அதுவரை நாகப்பட்டினத்துக் கப்பல் கரை சேரும்வரை நாட்கணக்கில் காத்திருந்த தமிழ்நாட்டுச் செய்தி, மலாயா மரத்துப் பாலால் உறையிட்ட செம்புக் கம்பி வழியாக ஜார்ஜ்டவுனுக்கு வந்து சேர்ந்தது.